கோல்கம்பம் ஆற்றுக்குப் போன நாள்: வேண்டர்பில்ட்டிடம் அலபாமா தோற்றதும் ரசிகர்கள் கொதித்ததும்

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) முடிந்ததும், வேண்டர்பில்ட் பல்கலைக்கழக மைதானத்துக்குள் இறங்கிய கூட்டம் கோல்கம்பத்தைப் பிடுங்கியது. சுமார் மூன்று மைல் தூரம் அதைத் தெருத்தெருவாகச் சுமந்துபோய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்டது. மைதானத்துக்குள் ரசிகர்களை விட்டதற்காக, இரு அணிகளும் ஆடும் எஸ்.இ.சி. லீக் பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதைப் பற்றி வேண்டர்பில்ட்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்கோர்: வேண்டர்பில்ட் 40, அலபாமா 35.

தோற்றது அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி. வேண்டர்பில்ட் அதுவரை ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளுடன் 60 முறை மோதி 60 முறையும் தோற்றிருந்தது. பந்தயச் சந்தை அலபாமா 22 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று சொல்லியிருந்தது. ஆற்றங்கரைக் கொண்டாட்டம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த ஆய்வு மறுபக்கத்தைப் பற்றியது. புதுப் பயிற்சியாளர் கேலன் டிபோரின் கீழ் வந்த முதல் தோல்வியை அலபாமா ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் எது ஆட்டத்தோடு பொருந்துகிறது, எது வெறும் ஏக்கம் என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி.

நாற்காலியின் கனம்

நிக் சேபன் 2007 முதல் 2023 வரை 17 பருவங்கள் அலபாமாவை நடத்தினார். அங்கே மட்டும் ஆறு தேசியப் பட்டங்கள். 2008க்குப் பின் எந்தப் பருவத்திலும் அணி 10 வெற்றிக்குக் கீழே போகவில்லை. தரவரிசையில் இல்லாத அணிகளைத் தொடர்ந்து 100 முறை வென்ற சாதனையும் அவர் காலத்தது. 2021 அக்டோபரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் 41–38 என்று வென்றபோதுதான் அந்தச் சங்கிலி அறுந்தது. 2024 ஜனவரி 10 அன்று அவர் ஓய்வை அறிவித்தார். இரண்டே நாளில், 12ஆம் தேதி, டிபோர் நியமிக்கப்பட்டார். எட்டு ஆண்டு ஒப்பந்தம், மொத்தம் 8.7 கோடி டாலர்.

டிபோர் ஒன்றும் தெரியாத ஆள் அல்ல. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் என்ற சிறு கல்லூரியில் 67 வெற்றி, 3 தோல்வி, மூன்று பட்டம். பிறகு ஃப்ரெஸ்னோ ஸ்டேட். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டில் 25 வெற்றி, 3 தோல்வி. அலபாமாவுக்கு வருவதற்கு நான்கு நாள் முன்புதான் தேசிய இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 34–13 என்று தோற்றிருந்தார். ஆனாலும் தென்மாநிலங்களில் வேர் இல்லாதவர். அதைவிட முக்கியமாக, அவர் கத்துவதில்லை. மைதான ஓரத்தில் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்து, நரம்பு புடைக்கத் திட்டும் சேபனைப் பதினேழு ஆண்டு பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த அமைதி முதல் நாளிலிருந்தே உறுத்தல்தான். ஜெயிக்கும்வரை அதற்கு நிதானம் என்று பெயர்.

தலைமைப் பயிற்சியாளர் போனால் அந்த அணியின் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற 30 நாள் கதவு திறக்கும் என்பது அப்போதைய விதி. அந்த வாசல் வழியே பின்தள (எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் கடைசி வரிசை) வீரர் கேலெப் டௌன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும், பந்து பிடிப்பவர் ஐசையா பாண்ட் டெக்சஸுக்கும் போனார்கள். மூலைக்காவலர்கள் டெரியன் அர்னால்டும் கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரியும் தொழில்முறை லீகுக்குப் போய்விட்டார்கள். ஆகப் பின்தளத்தில் அனுபவஸ்தர் என்று மிஞ்சியவர் மலாகை மூர். பக்கத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் பிற கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்களும் முதலாண்டு மாணவர்களும். புதுத் தற்காப்புப் பயிற்சியாளர் கேன் வோமக் பழைய 3-4 அடித்தளத்தை மாற்றி 4-2-5 அமைப்பை (முன்வரிசையில் நால்வர், நடுவில் இருவர், பின்தளத்தில் ஐவர்) கொண்டுவந்தார். ஆட்களும் புதுசு, அவர்கள் பேச வேண்டிய குறியீட்டு மொழியும் புதுசு. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

ஏழு நாள் முன்பு கொண்டாடிய வெற்றி

செப்டம்பர் 28 அன்று தன் சொந்த ஊரான டஸ்கலூசாவில் ஜார்ஜியாவை அலபாமா 41–34 என்று வென்றது. இரண்டாம் கால்பகுதியில் 28–0, இடைவேளையில் 30–7. பிறகு ஜார்ஜியா ஏறிவந்து 34–33 என்று முந்தியது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜேலன் மில்ரோ எறிந்த பந்தைப் பிடித்து, 17 வயது ரயன் வில்லியம்ஸ் 75 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) அடித்தார். அத்துடன் மானம் தப்பியது. திங்கட்கிழமைப் பேச்செல்லாம் அந்தப் பையனைப் பற்றித்தான்.

கணக்கை மட்டும் பார்த்திருந்தால் வேறு ஒன்று தெரிந்திருக்கும். இரண்டாம் பாதியில் அலபாமா 11, ஜார்ஜியா 27. ஜார்ஜியாவின் கார்சன் பெக் பந்தை எறிந்தே 439 யார்டு எடுத்திருந்தார். தற்காப்பு ஒருமுறை தளர்ந்தால் திரும்ப இறுக்கிக்கொள்ளத் தெரியவில்லை என்பது அங்கேயே எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அதற்கும் முன், செப்டம்பர் 7 அன்று தென் ஃப்ளோரிடாவுக்கு எதிரான ஆட்டம் 42–16 என்று முடிந்தாலும் நான்காம் கால்பகுதி வரை இழுபறியாகவே போனது. வெற்றியில் மறைந்த ஓட்டையை யாரும் எண்ணுவதில்லை. ஊடகப் புகழ்ச்சியை சேபன் ‘எலி மருந்து’ என்று சொல்வார். அந்த வாரம் மருந்து மூட்டை மூட்டையாகக் கிடைத்தது.

ஆட்டம்: எங்கே ஓட்டை விழுந்தது

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’. முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், மூன்றாம் டவுன்தான் உயிர்நாடி. தற்காப்பு அங்கே நிறுத்திவிட்டால் ஓய்வு. நிறுத்தாவிட்டால் இன்னும் குறைந்தது மூன்று மோதல்.

வேண்டர்பில்ட் அன்று 18 மூன்றாம் டவுன்களில் 12ஐக் கடந்தது. மூன்றுக்கு இரண்டு. பந்து அவர்கள் கையில் இருந்த நேரம் 42 நிமிடம் 8 விநாடி. அலபாமாவுக்கு 17 நிமிடம் 52 விநாடி.

இந்த 42 நிமிடம் எப்படிச் சாத்தியமானது என்பதைப் பார்ப்போம். ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம். வேண்டர்பில்ட் அதில் கடைசிச் சில விநாடிகள் வரை காத்திருந்தே பந்தை எடுத்தது. 2023இல் கல்லூரி ஆட்ட விதியும் மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு பத்து யார்டைத் தாண்டும்போதும் கடிகாரம் சற்று நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முயற்சிக்குச் சுமார் 35 விநாடி வைத்தால், 12 முயற்சியில் முன்னேறும் ஒரு படையெடுப்புக்கு 7 நிமிடம் போய்விடும். ஒரு கால்பகுதியே 15 நிமிடம்தான். வலுவில் குறைந்த அணிக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. எதிரணியின் வாய்ப்புகள் குறையக் குறைய, அவற்றில் ஒன்று வீணானாலும் அடி பலமாக விழும்.

அலபாமா அப்படி வீணாக்கியது. வேண்டர்பில்ட் முதல் படையெடுப்பிலேயே டச்டவுன் அடித்தது. அடுத்து மில்ரோ எறிந்த பந்து தட்டுப்பட்டு எகிற, வேண்டர்பில்ட்டின் ராண்டன் ஃபான்டனெட் அதைப் பிடித்து 29 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 13–0. இடைவேளையில் 23–14. மூன்றாம் கால்பகுதியில் அலபாமா நெருங்கியபோது, நான்காம் டவுன், ஒரு யார்டு தேவை என்ற இடத்தில் வேண்டர்பில்ட் உதைக்கவில்லை. அதன் குவார்ட்டர்பேக் டியகோ பவீயா எறிய, ஜூனியர் ஷெரில் பிடித்து 36 யார்டு டச்டவுன். எல்லோரும் ஒரு யார்டுக்காக முட்டி நிற்கும் இடத்தில் தூரமாக எறிவது துணிச்சல். ஆனால் கண்மூடித் துணிச்சல் அல்ல, ஏனென்றால் அலபாமாவின் பின்தளமும் அந்த ஒரு யார்டைத் தடுக்கவே முன்னே இறங்கியிருந்தது. நான்காம் கால்பகுதியில் மில்ரோ கையிலிருந்து பந்து தட்டிவிடப்பட்டு இன்னொரு முறை பறிபோனது. ஸ்கோர் 40–28 ஆனது. அலபாமா 40–35க்குக் கொண்டுவந்தபோது இன்னும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் பந்து திரும்பக் கிடைக்கவே இல்லை. மிச்ச நேரத்தை வேண்டர்பில்ட் ஓடியே தீர்த்தது.

பவீயாவின் கணக்கு: 20 எறிதலில் 16 சரி, 252 யார்டு, இரண்டு டச்டவுன். ஓடியது 20 முறை, 56 யார்டு. கடைசி எண்ணைப் பார்த்து இதென்ன பிரமாதம், சராசரி மூன்று யார்டு கூட இல்லையே என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம். குவார்ட்டர்பேக் ஓட மாட்டார் என்றால் தற்காப்புக்கு ஓர் ஆள் மிச்சம். அவரும் ஓடுவார் என்றால் அந்த மிச்ச ஆள் காணாமல் போவார். ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே, பவீயா விளிம்பில் நிற்கும் தற்காப்பு வீரர் ஒருவரை மட்டும் பார்ப்பார். அந்த ஆள் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். அவர் வெளியே நின்றால் ஓட்டக்காரரிடம் விட்டுவிடுவார். இதைத் தடுக்க, ஓட்டக்காரரை யார் பார்ப்பது, குவார்ட்டர்பேக்கை யார் பார்ப்பது, மேலே பந்து வாங்க ஓடுபவரை யார் பார்ப்பது என்று தற்காப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் முன் வேண்டர்பில்ட் தன் ஆட்களை இடவலமாக நகர்த்திக்கொண்டே இருந்தது. நகரும்போதெல்லாம் அந்த வேலைப் பங்கீடு மாறும், மாறியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்தாவது ஆட்டத்தில் இருக்கும் புதுப் பின்தளத்துக்கு இது கடினமான பரீட்சை. டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ஈலை ஸ்டவர்ஸ் அந்தத் தாமதத்துக்குள் புகுந்து 113 யார்டு எடுத்தார். அவரே முன்பு குவார்ட்டர்பேக்காக இருந்தவர். தற்காப்பில் காலி இடம் எங்கே விழும் என்று தெரிந்த ஆள்.

இந்தக் கூட்டணி திடீரென்று முளைத்ததும் அல்ல. பவீயா, ஸ்டவர்ஸ், தாக்குதல் பயிற்சியாளர் டிம் பெக், ஆலோசகர் ஜெரி கில் எல்லோரும் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து சேர்ந்தே வந்தவர்கள். 2023 நவம்பரில் அவர்கள் ஆபர்ன் மைதானத்துக்கே போய் ஆபர்னை 31–10 என்று வீழ்த்தியிருந்தார்கள். ஆபர்ன் அலபாமாவின் பரம வைரி. அன்று டஸ்கலூசாவில் சிரித்தவர்கள் அதே குவார்ட்டர்பேக் தங்களை நோக்கி வருவதைக் கவனித்திருக்கலாம்.

கோபத்தில் கலந்திருந்தவை

அலபாமாவில் இந்தக் கோபத்துக்கு நிலையான மேடைகள் உண்டு. முதன்மையானது பால் ஃபைன்பாமின் தொலைபேசி அழைப்பு நிகழ்ச்சி. தினமும் நான்கு மணி நேரம். அது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2011 ஜனவரியில் ஒரு அலபாமா ரசிகர் அதில் அழைத்து, ஆபர்ன் நகரின் புகழ்பெற்ற ஓக் மரங்களுக்கு விஷம் வைத்ததாகத் தானே சொன்னார். மரங்கள் பட்டுப்போயின, ஆள் சிறைக்குப் போனார். எல்லா ரசிகரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. தோல்வியை அங்கே ஒரு விளையாட்டுச் செய்தியாக மட்டும் யாரும் வாங்குவதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

வேண்டர்பில்ட் தோல்விக்குப் பின் கிளம்பிய புகார்கள் ஒரே குரலில் வந்தாலும் மூன்று வேறு சரக்குகள். ஒன்று, அந்த ஆட்டத்தில் கண்ணால் பார்த்தது: மூன்றாம் டவுனில் ஆளை நிறுத்த முடியவில்லை, பந்தைத் தவறவிட்டோம், மூர் கடைசி நேரத்தில் நிதானம் இழந்து அபராதம் வாங்கினார் (பிறகு அவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்). இரண்டு, முந்தையவருடன் ஒப்பீடு: சேபன் இருந்தால் இது நடந்தே இருக்காது, இந்த ஆளுக்குக் கோபமே வராது. மூன்று, வருங்கால பயம்: நல்ல பள்ளி வீரர்கள் இனி வருவார்களா, இருப்பவர்கள் ஓடிவிடுவார்களா, பட்டக் கனவு முடிந்ததா. முதலாவதை ஆட்டப் பதிவை வைத்துச் சோதிக்கலாம். இரண்டாவதை வரலாற்றை வைத்துச் சோதிக்கலாம். மூன்றாவதைச் சோதிக்கக் காலம்தான் வேண்டும். அதனாலேயே அதில் சத்தம் அதிகம்.

‘சேபன் இருந்தால்’ என்பதை எடுத்துக்கொள்வோம். 2007 நவம்பர் 17. சேபனின் முதல் பருவம். சொந்த மைதானத்தில் லூசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம் அலபாமா 21–14 என்று தோற்றது. அந்தத் தோல்வியின் அதிர்ச்சியை விளக்கப் போய், பேர்ல் ஹார்பரையும் செப்டம்பர் 11ஐயும் அவர் இழுத்துப் பேச, பல்கலைக்கழகம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் எல்.எஸ்.யூ., மிசிசிப்பி ஸ்டேட், மன்ரோ, ஆபர்ன் என வரிசையாக நான்கு தோல்வி. பருவம் 7 வெற்றி, 6 தோல்வி (7–6) என்று முடிந்தது. முதலிடத்தில் இருக்கும்போது தோற்றதும் அவருக்கு நடந்ததுதான். 2010இல் தென் கரோலினா 35–21 என்று வீழ்த்தியது. ரசிகர்கள் டிபோரை அளந்த முழக்கோல் நிஜ சேபன் அல்ல. பட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்ட சேபன்.

ஆனால் இதே தகவலைத் தூக்கிக்கொண்டு, சேபனும் முதலாண்டு தோற்றார், பிறகு ஆறு பட்டம் வாங்கினார், ஆகவே பொறுங்கள் என்று சொன்னவர்களும் சறுக்கினார்கள். அவர்களுக்கு எதிர்ச்சாட்சி இதே வேண்டர்பில்ட்தான். 2024க்கு முன் அது கடைசியாக அலபாமாவை வென்றது 1984இல், 30–21. அப்போது அலபாமாவின் பயிற்சியாளர் ரே பெர்க்கின்ஸ். 25 பருவங்கள் ஆண்டு ஆறு பட்டம் வாங்கிய பேர் பிரையன்ட்டின் இடத்துக்கு வந்தவர். பிரையன்ட் பயிற்சியைக் கண்காணித்த கோபுரத்தை இறக்கியவர், ஓட்டத்தையே நம்பும் பழைய விஷ்போன் ஆட்டமுறையைக் கைவிட்டவர். அந்தப் பருவம் 5–6 என்று முடிந்தது. 1957க்குப் பின் அலபாமா தோல்விக் கணக்கில் முடித்த முதல் பருவம். பெர்க்கின்ஸுக்குப் பின் வந்த பில் கரியின் அலுவலக ஜன்னலில், 1988இல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியிடம் தோற்ற பிறகு, யாரோ செங்கல் எறிந்தார்கள். அடுத்த ஆண்டு பத்து ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தும் ஆபர்னை வெல்லவே முடியாத கரி, கென்டக்கிக்குப் போய்விட்டார். பிரையன்ட்டுக்குப் பின் அடுத்த பட்டம் 1992இல், ஜீன் ஸ்டாலிங்ஸ் காலத்தில்தான் வந்தது.

ஆக, பெரியவருக்குப் பின் வந்தவர் வேண்டர்பில்ட்டிடம் தோற்பதை அலபாமா ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்று. வந்த முதல் பருவத்திலேயே கேவலமாகத் தோற்றவர் சரித்திரம் படைத்ததையும் பார்த்தாயிற்று. முதல் தோல்வியை மட்டும் வைத்து ஜாதகம் கணிக்க முடியாது. எந்த ஓட்டை வழியே தோற்றார்கள், அதை அடைத்தார்களா என்பதை வைத்துத்தான் ஏதாவது சொல்ல முடியும்.

ஓட்டை அடைபட்டதா

மறுநாள் ஞாயிறு வந்த தரவரிசையில் அலபாமா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அவ்வளவுதான் இறங்கியது என்பதற்கும் காரணம் உண்டு. அதே சனிக்கிழமை டென்னசி ஆர்கன்சாவிடமும், மிசூரி டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடமும், மிச்சிகன் வாஷிங்டனிடமும் தோற்றிருந்தன. பட்டக் கனவும் உடனே சாகவில்லை. அந்தப் பருவம்தான் தேசியப் போட்டி நான்கு அணியிலிருந்து பன்னிரண்டு அணியாக விரிந்த முதல் பருவம். ஒரு தோல்வி முன்புபோல் மரண அடி அல்ல.

அக்டோபர் 12: தென் கரோலினாவை 27–25 என்று மூச்சு முட்டி வென்றார்கள். 19: டென்னசியிடம் 24–17 தோல்வி. பிறகு மிசூரியை 34–0, எல்.எஸ்.யூ.வை 42–13 என்று அடித்தபோது அழைப்பு நிகழ்ச்சிகளின் தொனியே மாறியது. ஓட்டை அடைபட்டுவிட்டதாகத் தோன்றியது.

நவம்பர் 23 அன்று ஓக்லஹோமா 24–3 என்று வென்றது. இந்த ஆய்வுக்கு வேண்டர்பில்ட் ஆட்டத்தைவிட இதுவே முக்கியம். ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் ஜாக்சன் அர்னால்ட் பந்தை எறிந்து எடுத்தது வெறும் 68 யார்டு. ஓடி எடுத்தது 131 யார்டு, 25 ஓட்டத்தில். எறியவே தெரியாதவர்போல் ஆடிய ஒருவரிடம், அவர் ஓடத்தான் போகிறார் என்று மைதானம் முழுக்கத் தெரிந்தும், தற்காப்பு திணறியது. மறுபக்கம் மில்ரோ மூன்று முறை பந்தை எதிரணி கையில் எறிந்தார், அதில் ஒன்று நேராக டச்டவுனாகத் திரும்பியது. ஓடும் குவார்ட்டர்பேக், எதிரணிக்குப் பரிசாகும் பந்து. நாஷ்விலில் கண்ட அதே இரண்டு நோய்கள், ஏழு வாரம் கழித்து.

அங்கேதான் முதல் வகைப் புகார்க்காரர்கள் நியாயப்பட்டார்கள். மூன்றாம் டவுனையும் குவார்ட்டர்பேக் ஓட்டத்தையும் குறைசொன்னவர் சரியான இடத்தில் விரல் வைத்திருந்தார். கத்தாத பயிற்சியாளரைக் குறைசொன்னவருக்கு மிசூரி 34–0க்கும் எல்.எஸ்.யூ. 42–13க்கும் விளக்கம் கிடையாது. அந்த ஆட்டங்களிலும் அவர் கத்தவில்லையே.

ஆபர்னை 28–14 என்று வென்று 9–3 கணக்கில் நின்ற அலபாமாவுக்குப் பன்னிரண்டில் இடமில்லை. கடைசி இடம் எஸ்.எம்.யூ.வுக்குப் போனது. டிசம்பர் 31 அன்று மிச்சிகனிடம் 19–13 என்று தோற்று 9–4 ஆனது. 2007க்குப் பின் பத்து வெற்றியைத் தொடாத முதல் பருவம். வேண்டர்பில்ட் தோல்வி மட்டும் இல்லாதிருந்தால் 10–2. அந்தக் கணக்குடன் உள்ளே போயிருப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு மாலையின் விலை பெரிது.

தோல்வியை எடைபோடும்போது

புதுப் பயிற்சியாளரின் முதல் தோல்வியை எடைபோட உட்காருபவர் முதலில் ஸ்கோரை மறைத்துவிட்டு மூன்றாம் டவுன் கணக்கைப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் எதிரணி கடந்திருந்தால் தற்காப்பில் கோளாறு. அடுத்து, முதல் இரண்டு டவுன்களில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பது. மூன்றாம் டவுனில் எட்டு யார்டு தேவைப்பட்டும் விட்டால் எறியும் பந்தைத் தடுப்பதில் குறை. இரண்டு யார்டே தேவைப்படும்படி ஆகிவிட்டால் முன்வரிசை தள்ளப்படுகிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பந்து பறிபோனதைத் தனியாக வைக்க வேண்டும். தட்டுப்பட்டு எகிறிய பந்து ஓரளவு அதிர்ஷ்டம், எந்தப் பக்கமும் விழலாம். குவார்ட்டர்பேக் கையிலேயே பந்தை அதிக நேரம் வைத்திருந்து இழப்பது பழக்கம், அது திரும்ப வரும்.

பந்து வைத்திருந்த நேரத்தை வைத்து மட்டும் தீர்ப்பெழுதக் கூடாது. அலபாமா மாதிரி ஒரே ஓட்டத்தில் 50, 60 யார்டு எடுக்கும் அணிக்கு நேரம் எப்போதுமே குறைவாகத்தான் வரும். அன்று மில்ரோ 24 எறிதலில் 18 சரியாக எறிந்து 310 யார்டு எடுத்திருந்தார். தாக்குதலுக்குத் திறமை குறையவில்லை, பந்துதான் அடிக்கடி கைக்கு வரவில்லை. 17:52 என்பது நோயல்ல, காய்ச்சல்மானியில் தெரியும் எண். நோய் 18க்கு 12.

பிறகு முந்தைய வெற்றிகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். இதை ரசிகர்கள் செய்வதே இல்லை. ஜார்ஜியா ஆட்டத்தின் இரண்டாம் பாதியை மறுபடி பார்த்திருந்தால் வேண்டர்பில்ட் தோல்வி இடியாக இறங்கியிருக்காது. தோல்வியில் தெரியும் குறை புதிதா, வெற்றிகளில் ஒளிந்திருந்ததா என்ற கேள்விக்கான விடை பயிற்சியாளரைப் பற்றி நிறையச் சொல்லும். ஒளிந்திருந்தது என்றால், பயிற்சியாளரே பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும்.

பணத்தைக் கடைசியில் வைக்கலாம். ‘உடனே அனுப்புங்கள்’ என்று கத்துபவர்கள் 8.7 கோடி டாலர் ஒப்பந்தத்தின் முதலாண்டு அது என்பதை மறந்தவர்கள். அன்று ஆளை அனுப்பியிருந்தால் நஷ்டஈடு மட்டுமல்ல, வீரர்களுக்கு மறுபடி அந்த 30 நாள் கதவு திறந்திருக்கும். பின்தளம் பலவீனமானதற்கு அந்தக் கதவும் ஒரு காரணம் என்றால், அதையே இன்னொருமுறை திறக்கச் சொல்வது பானை ஓட்டைக்கு அடியைத் தட்டி எடுப்பது போல.

வேண்டர்பில்ட் பிடுங்கிய கோல்கம்பத்தை ஆற்றிலிருந்து எடுத்து, துண்டு துண்டாக்கி ரசிகர்களுக்கே விற்றது. முந்தைய ஆண்டு 2–10 என்று முடித்த அணி அந்தப் பருவத்தை 7–6 என்று முடித்தது. கடைசி வெற்றி அலபாமா மாநிலத்துக்குள்ளேயே, பர்மிங்ஹாம் கிண்ணத்தில்.

2025 ஆகஸ்ட் 30 அன்று டிபோரின் இரண்டாம் பருவம் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31–17 தோல்வியுடன் தொடங்கியது. பழைய புகார்ப் பட்டியல் ஒரு வரி மாறாமல் மறுபடி வெளியே வந்தது. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4 அன்று, வேண்டர்பில்ட் டஸ்கலூசாவுக்கு வந்தது. அதே பவீயா. இந்த முறை கோல் கோட்டுக்கு அருகே வந்து பந்தைத் தவறவிட்டது வேண்டர்பில்ட். அலபாமா 30, வேண்டர்பில்ட் 14.